அடிதடி வழக்கில் தற்காப்பு வாதம்: கூண்டில் நின்றதும் கவிழ்ந்ததும் (புனைபெயரில் நால்வர் பேசுவது)

வழக்குக்கட்டு:
மாஜிஸ்திரேட் கோர்ட், வரப்புத் தகராறு, பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 118(1), அதாவது ஆயுதத்தால் காயப்படுத்தியது. எதிரிக்கும் (குற்றம் சாட்டப்பட்டவர்) மண்டையில் தையல். குறுக்கு விசாரணையில் அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) வாயிலிருந்து வர வேண்டிய வரி வந்துவிட்டது: "நான்தான் முதலில் மண்வெட்டிக் காம்பால் எதிரியை அடித்தேன் என்று சொன்னால் சரியல்ல." மறுப்புதான், ஆனாலும் தற்காப்பு பதிவில் ஏறியாச்சு. பிறகு சாட்சியம் பற்றி நீதிபதி எதிரியிடமே கேட்கும் 351 கேள்வியில் (பழைய 313) எதிரி எழுந்து, "ஐயா, நான் அன்னைக்கு ஊர்லயே இல்லீங்க" என்றார். அவர் வக்கீல் வழக்குக் கட்டைப் புரட்டுவதையே நிறுத்திவிட்டார். தண்டனை. தற்காப்பும் அதோடு செத்துப்போச்சு.

மேல்முறையீடு:
தண்டனை வந்தது சரி, அதோடு தற்காப்பு செத்துப்போச்சு என்பது தப்பு. சுப்ரீம் கோர்ட்டின் முன்ஷி ராம் தீர்ப்பு (1968) படிங்க. எதிரி வாயால் சொல்லாவிட்டாலும், சாட்சியத்திலேயே தற்காப்பு தெரிந்தால் கோர்ட் அதைப் பரிசீலிக்கலாம். புதிய சாட்சியச் சட்டம் 108 நிரூபிக்கும் சுமையை எதிரி மேல் வைக்கிறது. ஆனால் போலீஸ் தரப்பு போல ஐயமற நிரூபிக்க வேண்டாம், இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 'ஊரில் இல்லை' என்றது முட்டாள்தனம், அவ்வளவுதான்.

குமாஸ்தா:
சட்டம் இருக்கட்டும் சார், பேப்பர் எங்கே? இன்னொரு வழக்கில் எதிரிக்குக் கை எலும்பு முறிவு. ஜி.எச்.சில் டாக்டர் கேட்டதும் போலீஸுக்குப் பயந்து "வழுக்கி விழுந்தேன்" என்றார். ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) அதுவே ஏறிடுச்சு, கடைசிவரை அழியல.

யாராவது கேட்டால் சொல்லுங்க: அன்றைக்கே ஆஸ்பத்திரி, யார், எதால், எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்று டாக்டரிடம் சொல்லணும். புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்குப் போலீஸ் தரும் சீட்டு) வாங்கணும். எதிர்வழக்கு பதிவானால் இரண்டையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்கணும். ஆனா ஒரு கட்டுல உள்ள சாட்சியம் இன்னொரு கட்டுக்குத் தானா வராது. அந்த எஃப்.ஐ.ஆரை விசாரணை அதிகாரி மூலமா இங்கே சான்றாவணமா குறியீடு செய்யணும், ஏ.ஆர். எழுதின டாக்டரை எதிரி தரப்பு சாட்சியா அழைக்கணும். ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வாதத்தில் ஆட்டினால் நீதிபதி பார்க்கக்கூட மாட்டார். எதிரியின் பலத்த காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லலேன்னா சுப்ரீம் கோர்ட்டின் லக்ஷ்மி சிங் தீர்ப்பு (1976) எதிரிக்குக் கைகொடுக்கும். வெறும் சிராய்ப்புக்குக் கொடுக்காது. ராஜி பேசறவங்களுக்கும் ஒண்ணு: 115(2) (சாதாரண காயம்) மட்டும்னா அடிபட்டவரே ராஜி ஆகலாம், 118(1)க்கு வழக்கை ரத்து செய்யக் கேட்டு ஹைகோர்ட்தான் போகணும்.

முதுகுக்காயம்:
ராஜியை யார் கேட்டது? பேப்பர் எல்லாம் கச்சிதமாக இருந்தும் தோற்றதைச் சொல்கிறேன். எதிரியின் முதல் அடி தற்காப்பு என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். தாக்க வந்தவர் கையிலிருந்து கம்பு பிடுங்கப்பட்டதும் அவர் ஓடினார். காயச் சான்றில் மீதி இரண்டு அடியும் அவர் முதுகில். பயம் இருக்கும்வரைதான் உரிமை, பி.என்.எஸ். 40 (உடல் தற்காப்பு), 43 (சொத்துத் தற்காப்பு) எதை எடுத்தாலும் அதே கதை. "தற்காப்பைத் தங்கத் தராசில் நிறுக்கக் கூடாது" என்று வக்கீல் தீர்ப்புகளை அடுக்கினார். எத்தனை அடி என்ற கணக்குக்குத்தான் அது உதவும், ஓடுகிற ஆளைத் துரத்தியதற்கு இல்லை.

மேல்முறையீடு:
துரத்தியதாகச் சொன்ன சாட்சி யார், அவர் நின்ற இடம் பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுவது) இருக்கா? வரைபடத்தில் இல்லாத சாட்சியை அங்கேதான் பிடிக்கணும்.