பனிமலை ஏறப் பொருள் வாங்க காரைக்குடி பக்கம் நல்ல கடை உண்டா?

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் நானும் தம்பியும் உத்தரகாண்டில் கேதார்காந்தா சிகரம் ஏறப் போகிறோம். உயரம் சுமார் 12,500 அடி. அந்த மாதத்தில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். நம் செட்டிநாட்டு வெயிலில் வளர்ந்த உடம்பு, அதனால் பொருள் விஷயத்தில் சமரசம் செய்ய எனக்கு மனமில்லை.

காரைக்குடியில் கேட்ட கடைகளில் கொடைக்கானலுக்குப் போதுமான ஸ்வெட்டரும் குல்லாவும்தான் எடுத்துக் காட்டினார்கள். பனியில் நடக்க அது பத்தாது. பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். நின்றதும் உடம்பு விறைத்துவிடும். அதனால் உள்ளே சீக்கிரம் உலரும் தெர்மல் உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற கதகதப்புச் சட்டை, அப்புறம் காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காக வேண்டும்.

முக்கியமான கவலை ஷூதான். கணுக்கால் மூடும், தண்ணீர் புகாத ஷூ. ஆன்லைனில் வாங்கத் தயக்கம். கனமான கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு காலில் மாட்டி, சரிவில் இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடிக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு சில வாரமாவது போட்டு நடந்து பழக்க வேண்டும், ஆகவே இப்போதே தேடுகிறேன். ஷூவில் மாட்டும் பனி முள், ஷூவுக்குள் பனி புகாமல் காலில் கட்டும் கெய்ட்டர் உறை எல்லாம் அடிவாரமான சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

தேவகோட்டை, புதுக்கோட்டையில் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மதுரை, திருச்சி போகவும் தயார். பனிமலை ஏறி வந்தவர்கள் யாராவது இருந்தால், எந்தக் கடை, என்ன விலை ஆனது என்று சொல்லுங்கள். 9ஆம் நம்பர் ஷூ இரவல் கிடைத்தாலும் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.