எடை குறையும்போது இன்சுலினைக் குறைப்பது எப்போது: முன்கூட்டியா, சுகர் இறங்கிய பிறகா?

நூல்கண்டு:
ஒரு கணக்கை வைத்துப் பேசுவோம். இரண்டாம் வகை சர்க்கரை நோய், எடை 92 கிலோ. இரவில் நீண்டநேர இன்சுலின் 44 யூனிட், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் 10 யூனிட், ஆக நாளுக்கு 74. நான்கு மாதத்தில் எடை 84 ஆகிறது. தினமும் 40 நிமிட நடை. டோஸ் ஆரம்பிக்கும்போது கிலோவுக்கு இத்தனை யூனிட் என்றுதானே ஆரம்பிக்கிறார்கள்? இறங்கும்போதும் அதே விகிதம்தானே முறை? 44-ஐ 92-ஆல் வகுத்து 84-ஆல் பெருக்கினால் 40. லோ சுகர் வரட்டும் என்று காத்திருப்பானேன்?

விரல்நுனி:
கிலோ கணக்கு ஆரம்பிப்பதற்கு மட்டும்தான். கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட் வரை என்று பயமில்லாமல் தொடங்கி, பிறகு வெறும் வயிற்று சுகரைப் பார்த்துப் பார்த்து ஏற்றியதில் வந்து நின்ற எண் அந்த 44. எடை அதைச் சொல்லவில்லை, கல்லீரல் சொன்னது. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் இரவெல்லாம் குளுக்கோஸை வெளியே தள்ளும். சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தால் முதலில் கரைவது அந்தக் கொழுப்புதான். ஒரே வாரத்தில் காலை சுகர் இயல்புக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். அப்போது தராசு காட்டுவது இரண்டு மூன்று கிலோ குறைவு. உங்கள் விகிதப்படி அதற்குக் கழிவது ஒன்றரை யூனிட்! அதை நம்பிப் படுத்தவர் விடிகாலை மூன்று மணிக்கு வியர்த்து எழுவார். அதே ஆள் பின்னாளில் 86-லிருந்து 84-க்கு வரும்போது டோஸில் ஒரு யூனிட்கூட மாற வேண்டியிருக்காது. தராசும் இன்சுலினும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை.

நூல்கண்டு:
நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தானே வலு சேர்க்கிறது? தேவை தராசுக்கு முன்பே இறங்கிவிடும் என்றால் முன்கூட்டியே குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

விரல்நுனி:
சாப்பாட்டை எவ்வளவு வெட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. நாளுக்கு 800 கலோரி என்கிற மாதிரி கடும் பத்தியம் என்றால், ஆமாம், முதல் நாளே மருத்துவரோடு பேசி வெட்ட வேண்டும். பாதியாக்குவதும் உண்டு. கிளிமிபிரைட், கிளிக்ளசைடு மாதிரி, இன்சுலினைச் சுரக்க வைத்து லோவுக்கு இழுக்கும் மாத்திரை இருந்தால் அதையும் சேர்த்துத்தான். மெட்ஃபார்மின் தனியாக லோவுக்கு இழுக்காது, அதில் அவசரமில்லை. கடும் பத்தியத்தால் இரண்டாம் வகை தணியுமா என்று பார்த்த, 2017-இல் வெளியான டைரெக்ட் ஆய்வில் சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்திவிட்டுத்தான் பத்தியத்தைத் தொடங்கினார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது. 15 கிலோவுக்கு மேல் இழந்தவர்களில் 86 சதவீதம். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. நோய் வந்து ஆறாண்டுக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். அந்த எண்ணைக் காட்டி “இன்சுலினைத் தூக்கிப் போடு” என்று பேசுகிறவர்கள் இந்த வரியை விழுங்கிவிடுகிறார்கள்.

நீங்கள் சொன்ன ஆளுக்கு நான்கு மாதத்தில் எட்டு கிலோ. மெதுவான இறக்கம். இங்கே எண்தான் பேச வேண்டும், அதுவும் காலை எண் மட்டும் போதாது. படுக்கும்போது 168, காலையில் 92 என்று வைத்துக்கொள்வோம். 92-ஐப் பார்த்து “ஆஹா” என்பார்கள். ஒரே ராத்திரியில் 76 இறங்கியிருக்கிறதே! நீண்டநேர இன்சுலினின் வேலை சுகரைச் சமமாக வைத்திருப்பது. படுக்கைக்கும் காலைக்கும் நடுவே 50-க்கு மேல் இறங்கினால் அது மிச்சமாக இருக்கிறது, ராத்திரிச் சாப்பாட்டின் சுகரையும் அதுவே அடிக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் ஏதேனும் காரணத்தால் 110-இல் படுத்தால்?

இனிப்புப்பை:
இத்தனை கணக்கு எதற்கு? டோஸைத் தொடாமல், நடக்கக் கிளம்பும்போது 20 கிராம் குளுக்கோஸ் வாயில் போட்டுக்கொண்டால் முடிந்தது. டோஸைக் குறைத்து சுகர் ஏறிப்போவதைவிட இது பத்திரம்.

விரல்நுனி:
20 கிராம் என்றால் 80 கலோரி. 84 கிலோ உடம்பு 40 நிமிடம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 150. பாதிக்கு மேல் வாயிலேயே திரும்பிவிட்டது. மிச்ச இன்சுலினுக்குத் தீனி போட்டுக்கொண்டே எடை குறைக்க முடியாது. எடை நிற்கும், “நடந்தும் பயனில்லை” என்ற பேச்சு வரும்.

முதல்வகை:
இனிப்புப்பையை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். திட்டமிடாத நடைக்கு அவர் வழிதான் சரி, போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாதே. 90-க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் எடுத்து, சுகர் ஏறிய பிறகுதான் கிளம்ப வேண்டும். ஆனால் தெரிந்தே தினமும் ஒரே நேரத்தில் நடக்கிறவர் அதற்கு முந்திய சாப்பாட்டு ஊசியில்தான் கை வைக்க வேண்டும்.

இந்த இழையில் எடையையும் உடற்பயிற்சியையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். எடை வாரக்கணக்கில் வேலை செய்யும், பயிற்சி மணிக்கணக்கில். தசை சுருங்கும்போது இன்சுலின் வந்து தட்டாமலே குளுக்கோஸுக்குக் கதவு திறக்கிறது. வேகமான சாப்பாட்டு இன்சுலின் உச்சத்துக்கு வருவது ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில். சாப்பிட்டு ஒன்றரை மணி கழித்து நடந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து இழுக்கும். முதல் வகைக்காரர்களுக்குப் புழங்கும் தொடக்கக் கணக்கு இது: மெதுவான அரைமணி நடைக்கு அந்த வேளை ஊசியில் கால்வாசி குறைப்பு, மிதமான அரைமணிக்குப் பாதி, மிதமான ஒரு மணிக்கு முக்கால்வாசி. கிளம்பும்போது 126-க்கும் 180-க்கும் நடுவே இருந்தால் நல்லது. நடையின் நடுவில், தோலில் ஒட்டிய சுகர் சென்சாரை அப்படியே நம்பக் கூடாது. இறங்கும் வேகத்தில் அது ரத்தத்தைவிடப் பின்தங்கியே காட்டும், சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்ப்பதுதான்.

எடை தூக்குவது, குறுகிய தூரம் வெறித்தனமாக ஓடுவது இதற்கு நேர்மாறு. அட்ரினலின் பாய்ந்து சுகர் ஏறும். அந்த 230-ஐப் பார்த்துப் பதறி முழு டோஸ் போட்டால், அட்ரினலின் அடங்கியதும் தலைகுப்புற விழும். போட்டே ஆக வேண்டுமென்றால் பாதி. இன்னொரு இறக்கமும் காத்திருக்கிறது: மாலையில் பயிற்சி செய்தால் 7 முதல் 11 மணி நேரம் கழித்து, அதாவது நல்ல தூக்கத்தில். நீண்டநேர இன்சுலினில் கிளார்ஜின் வகை போடுகிறவர் அன்றைய இரவு டோஸை 20 சதவீதம் குறைத்து இதைச் சமாளிக்கலாம். இன்னும் நீளமாக வேலை செய்யும் டெக்லுடெக் வகையில் அது பலிக்காது. அதன் வேலை 42 மணி நேரத்தைத் தாண்டியும் நீளும், இன்று குறைத்தது நாளை மறுநாள்தான் தெரியும்.

நூல்கண்டு:
சரி, விகிதத்தை விடுகிறேன். ஆனால் எண்ணைப் பார்த்துக் குறைப்பவர்களும் ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள். டோஸ் இறங்கிய பிறகும் ஏறிய சுகரை இறக்க எத்தனை யூனிட் என்கிற பழைய திருத்தக் கணக்கையே வைத்திருக்கிறார்கள். 1800-ஐ நாளின் மொத்த யூனிட்டால் வகுத்தால் ஒரு யூனிட் எவ்வளவு இறக்கும் என்று வரும். 74-க்கு 24. மொத்தம் 50-க்கு வந்துவிட்டால் 36. சுகர் 220, இலக்கு 120. பழைய கணக்கில் 4 யூனிட். புதிய உடம்பில் அந்த நாலும் 144 இறக்கி 76-இல் கொண்டுபோய் நிறுத்தும். அதன்மேல் ஒரு நடை போனால் கேட்கவே வேண்டாம்.

விரல்நுனி:
முழுக்க ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஊசி. எட்டு கிலோ போனால் தோலுக்குக் கீழே கொழுப்பும் மெலியும். 8 மி.மீ. ஊசி தசைக்குள் இறங்கி இன்சுலின் வேகமாகக் கலக்கும், தொடையில் போட்டு உடனே நடந்தால் இன்னும் வேகம். 4 மி.மீ. போதும். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டியானவர் புது இடத்துக்கு மாறும்போதும் அதே டோஸ் திடீரென்று கூடுதலாக வேலை செய்யும். காரணமில்லாத லோ என்று சொல்லப்படுவதில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

முதல்வகை:
எல்லா எடைக் குறைவும் நல்ல செய்தி இல்லை. சுகர் 250, 300 என்று நிற்கிறது, தாகம், அடிக்கடி சிறுநீர், எடையும் இறங்குகிறது என்றால் அது இன்சுலின் போதாமல் உடம்பு தன்னையே தின்கிற எடைக் குறைவு. அங்கே குறைப்பது தவறு, கூட்ட வேண்டியிருக்கும். இன்சுலின் போதாமல் கொழுப்பு கரையும்போது ரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோனைப் பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் 1.5-ஐத் தொட்டால் பயிற்சியே கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்கிற, சுகரைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தையும் வெட்டி இன்சுலினையும் சடாரென்று வெட்டினால், சுகர் 180 என்று சாதுவாக இருக்கும்போதே கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகலாம். குமட்டல், மூச்சு வாங்கல் வந்தால் மீட்டரைப் பார்த்துச் சமாதானம் அடையாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் வகைக்கு எந்த எடையிலும் நீண்டநேர இன்சுலின் பூஜ்யம் ஆகாது.

இனிப்புப்பை:
அப்படியானால் அந்த 84 கிலோ ஆளுக்கு இன்று ராத்திரி எவ்வளவு?

விரல்நுனி:
மூன்று நாள் காலை எண்ணைக் கொடுங்கள், சொல்கிறேன். 70-க்குக் கீழே ஒன்று வந்தாலே 10 முதல் 20 சதவீதம் வெட்டு, அதாவது 35-க்கும் 40-க்கும் நடுவே. பிறகு மூன்று நாள் பொறுத்துப் பார்த்து அடுத்தது. எல்லாக் காலையும் 130 என்றால் 44 அப்படியே இருக்கட்டும். லோ வருவது பகலில் என்றால் நடைக்கு முந்திய வேளையின் 10-இல்தான் வெட்டு.

நூல்கண்டு:
பகல் வெட்டில் சண்டை இல்லை. ஆனால் 168-லிருந்து 92-க்கு இறங்கும் ஆளுக்கு 70 வரட்டும் என்று நான் காத்திருக்க மாட்டேன். மருத்துவரிடம் இன்றே 40 என்று கேட்பேன். ஒரு வாரம் 140-இல் எழுந்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

விரல்நுனி:
76 இறக்கத்தைக் காரணம் காட்டிக் கேட்டால் நானும் 40 என்பேன். எட்டு கிலோவைக் காரணம் காட்டினால் மாட்டேன்.