வீட்டுச் சாமானில் செய்த கட்டும் பட்டியும்: வன்னிப் பக்கத்து அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து ஒருத்தி:

நான் தையல் மெசின் வைத்திருப்பவள். கல்யாணமாகி 12 வருடம். இரண்டு பேரும் விரும்பிப் படுக்கையறையில் கட்டுவது, அடிப்பது மாதிரி விளையாட்டுக்குப் பிடிஎஸ்எம் என்று பெயர், அந்தச் சொல் எங்களுக்கு வந்தது பிறகுதான். அதற்கு முன்பே அவர் ஒருநாள், நெல்லுக் காசு கணக்குப் பார்ப்பது போன்ற முகத்தோடு, “என்னப்பா, என்ர கையைக் கட்டிப் பாருமன்” என்று கேட்டுவிட்டார். ஊரெல்லாம் கட்டுகிறவர் ஆம்பிளையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கும். எங்கள் வீட்டில் கட்டுகிறது நான்.

கிளிநொச்சிச் சந்தையில் மண்வெட்டிப் பிடியிலிருந்து மாட்டு மணிவரை எல்லாம் வாங்கலாம், இந்தச் சாமான் வாங்க முடியாது. கனடாவில் இருக்கும் மச்சாளிடம் பொதியில் போட்டுவிடச் சொல்லவா முடியும்? ஆகவே வீட்டில் கிடந்ததை எடுத்தோம். முதலில் எடுத்தது உழவுமெசின் பெட்டியில் மூட்டை கட்டும் நீல நைலோன் கயிறு. அதுதான் பிழை.

மணிக்கட்டில் கட்டினால் தடம் தெரியும், நாளைக்கு ஆட்கள் கேட்பார்கள் என்று மேற்கையைச் சுற்றி இரண்டு சுற்றுப் போட்டுக் கட்டிலோடு இழுத்துக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் “விரல் விறைக்குது” என்றார். விறைப்புத்தானே, சும்மா சொல்கிறார் என்று விட்டேன். அப்புறம் குரல் மாறியது. அவிழ்க்கப் போனால், அவர் இழுத்த இழுப்பில் முடிச்சு கல்லாகிவிட்டது. நைலோன் அப்படித்தான், கட்டும்போது வழுக்கும், பாரம் விழுந்தால் இறுகும். கத்திரிக்கோல் மெசின் மேசையில். மெசின் விறாந்தையில். விறாந்தையில் மாமி படுத்திருக்கிறார்.

நான் இருட்டில் தட்டித் தடவிப் போய்க் கத்திரிக்கோல் எடுத்துக்கொண்டு திரும்ப, “என்ன பிள்ளை, இந்த நேரத்தில தையலோ?” என்று மாமி கேட்டார். “ஓம் மாமி, ஒரு ஓடர்” என்றேன்.

விடிய அவருக்கு வலது மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. கை வாடின வாழையிலை மாதிரித் தொங்கியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, “இரவு குடிச்சிட்டுக் கையை மடிச்சு வைச்சுப் படுத்தனீங்களோ?” என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு துளி கள்ளுக்கூடத் தொடாத மனுசன் “ஓம் டொக்டர்” என்று தலையைக் குனிந்துகொண்டார். மேற்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு நரம்பு எலும்போடு ஒட்டிச் சுற்றி இறங்குகிறதாம். அந்த இடத்தில் அமத்தினால் மணிக்கட்டு விழுந்துவிடும். குடித்துவிட்டுக் கதிரைச் சட்டத்தில் கையைத் தொங்கப்போட்டு நித்திரையாகிறவர்களுக்கு வருவதும் இதே. மூன்றாம் கிழமையில்தான் தேத்தண்ணிக் கோப்பையை அந்தக் கையால் பிடித்தார். அந்த மூன்று கிழமையும் நான் பட்ட பாட்டை எழுதவில்லை.

அதற்குப் பிறகு கயிற்றை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த வேலையில் இறங்கினேன். மகனின் பழைய பள்ளிக்கூடப் பையைப் பிரித்தேன். தோள் நாடா நல்ல அகலம், 5 சென்ரிமீற்றர் வரும். ஒடுக்கமான நாடா சதையை வெட்டும், அகலமானது பாரத்தைப் பரவவிடும். பழைய துவாயை இரண்டாக மடித்து உள்ளே வைத்து, மேலே அவருடைய பழைய சாரத் துணியால் மூடி, ஓரத்தை உள்ளுக்கு மடித்துத் தைத்தேன். ஓரம் வெளியே நின்றால் நாடாவே அரம் மாதிரி உரசும். பையிலிருந்த இரும்பு வளையத்தை நடுவில் வைத்து, நாடாவைச் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இரண்டு தையல். பைத் தோள்பட்டி பிய்யாமல் நிற்பது அந்தத் தையலில்தான்.

பூட்டுவதற்கு முதலில் வெல்குரோ வைத்தேன். ஒரு கையால் ஒரு இழுவை, உடனே கழரும், அதைவிடச் சுகம் இல்லை. ஆனால் அந்தச் சத்தம்! ‘பர்ர்ர்’ என்று விறாந்தைவரை கேட்கும். பிரித்துவிட்டுப் பையின் பிளாஸ்டிக் கிளிப்பையே வைத்தேன். இரண்டு பக்கமும் அமத்தினால் ‘டிக்’. இழுபட்டு நிற்கும்போதும் கழருகிறதா என்று என் கையில் போட்டுக் கட்டிலில் கட்டித் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்துத்தான் அவருக்குப் போட்டேன். பட்டிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாகப் போக வேண்டும். மணிக்கட்டில் மட்டும்தான், மேற்கைக்குப் போவதில்லை. கழுத்துக்கு எதுவும் கிடையாது. கத்திரிக்கோல் இப்போது தலையணைக்குக் கீழே, முனை மழுங்கினது. கட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கக்கூட அறையைவிட்டுப் போக மாட்டேன்.

நிறுத்தச் சொல்ல ஒரு சொல் வேண்டும். “காணும்” என்று வைத்தோம், சரிவரவில்லை. சோறு போடும்போது காணும் காணும் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு அகப்பை வாங்குகிற சனம் நாங்கள். கடைசியில் அவர்தான் சொன்னார், “முறிகண்டி” என்று. ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் அங்கே நின்று பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்காமல் போகாதே. அந்தச் சொல் வந்தால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் நாங்கள் பேசி முடிவெடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டுவதில்லை, கண்ணைக் கட்டுவதில்லை. முதல்நாளிலிருந்தே என் கை அந்தப் பக்கம் போகவில்லை, அவரும் கேட்கவில்லை. 2009இல், யுத்தத்தின் கடைசியில், நாங்கள் இருவரும் எங்கே நின்றோம் என்று இருவருக்கும் தெரியும். கண்கட்டு இல்லாமல் என்ன ருசி என்று யாரும் கேட்டால், கேட்டுவிட்டுப் போகட்டும்.

வவுனியாவிலிருந்து ஒருவர்:

அக்காவின் கத்திரிக்கோல் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், சிரித்து இருமல் வந்துவிட்டது. எங்களுடையது கட்டு இல்லை, அடி. அடி வாங்க விரும்புகிறவள் அவள், பயந்தவன் நான். இது ஏதும் வருத்தமோ என்று கன நாள் மனதுக்குள் வைத்திருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 தையில் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பில், இரண்டு பேரும் விரும்பிச் செய்யும் இந்த வகையை நோயாக வைக்கவில்லை என்று அவள்தான் தேடிக் காட்டினாள்.

தச்சுப் பட்டறையில் கிடந்த பாலைத் துண்டில் ஒரு மட்டை செய்தேன். பார்க்க வடிவு. ஆனால் பாலை இரும்பு மாதிரி, மெல்ல வைத்தாலே உள்ளே கன்றிப் போகிறது. எரிவதில்லை, நோகிறது, இரண்டும் வேறு வேறு என்று அவள் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. இப்போது பாரமில்லாத பலகையில் செய்தது ஒன்று இருக்கிறது. அரத்தாள் போட்டு, சிலாம்பு நிற்கிறதா என்று பழைய நைலோன் காலுறையை மேலே இழுத்துப் பார்ப்பேன். எங்கே சிக்குகிறதோ அங்கே திரும்பத் தேய்ப்பேன். பிறகு வார்னிஷ். சதைப்பிடிப்பான இடத்தில்தான், பின்பக்கத்தின் கீழ்ப்பாதியும் தொடையும். இடுப்புக்கு மேலே சிறுநீரகம் இருக்கிறது, நடுவிலே வால் எலும்பு, அங்கே போவதில்லை.

குசினி அகப்பைக்குச் சம்மதம். ஆனால் செருப்பையும் விளக்குமாற்றையும் எடுக்கவே கூடாது என்றுவிட்டாள். வெளிநாட்டில் செருப்பு ஒரு விளையாட்டுச் சாமானாம். எங்கள் ஊரில் செருப்பால் அடிப்பேன் என்ற ஒரு சொல்லுக்கே மூன்று தலைமுறை கதைக்காமல் இருக்கும். பிரம்பும் வேண்டாம் என்றாள், அது பள்ளிக்கூடத்து ஞாபகம். சரி என்றேன்.

வீட்டுத்திட்ட வீட்டின் கூரை வளையில் கயிறு போட்டு ஆளைத் தூக்கலாமா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். தம்பி, அந்த வளை கூரை ஓடுகளைத் தாங்குவதே பெரிய காரியம்.

முல்லைத்தீவிலிருந்து ஒருத்தி:

2022 பங்குனியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, எங்களுக்குத் தொடங்கியது அப்போதுதான். மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டுச் சும்மா இருந்தபோது அவர் என் கையில் ஒரு சொட்டு விட்டார். சுட்டது, ஆனால் பிடித்திருந்தது.

கடையில் வாங்கும் சாதாரண வெள்ளை மெழுகுதிரியோடு நின்றிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அவருக்குக் காட்டுத் தேன் எடுக்கிற கூட்டாளிகள் இருக்கிறார்கள். தேன் பிழிந்த வதையை உருக்கித் தானே திரி செய்தார். மணம் நல்ல மணம். ஆனால் தேன்மெழுகு உருகவே 62 பாகைக்கு மேல் வேண்டும். கடை மெழுகுதிரிகளில் பல அதைவிடக் குறைவான சூட்டில் உருகும். அது தெரியாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து என் தோள்பட்டையில் விட்டார். இரண்டு கொப்புளம்.

அவர் பதறிப்போய்ப் பற்பசை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எங்கள் வீடுகளில் சூட்டுக்கு அதுதானே மருந்து. நான் தட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் 20 நிமிடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றேன். நடுச்சாமத்தில் கிணற்றடியில் நிற்கிறவளைப் பார்த்து அடுத்த வீட்டு நாய் குரைத்த குரைப்பை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வரும்.

இப்போது வெள்ளைத் திரி மட்டும். நிறம் போட்டது, வாசம் போட்டது இல்லை. முதல் சொட்டு அவருடைய மணிக்கட்டின் உள்பக்கத்தில், பிறகுதான் எனக்கு. உயரம் ஒரு கைநீளத்துக்குக் குறையாது. உயரம் கூடக்கூட விழுகிற வழியிலேயே ஆறும். முகம், முடி இரண்டுக்கும் கிட்டக் கொண்டுபோவதில்லை. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்.

உடுப்புக் கிளிப்பும் பாவித்துப் பார்த்தோம். போடும்போது ஒன்றுமில்லை. எடுக்கும்போதுதான் உயிர் போகும், ரத்தம் திரும்ப ஓடுகிறதல்லவா. பத்து நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை.

மறுபடி கிளிநொச்சியிலிருந்து:

அந்தப் பட்டியை எங்கே ஒளித்து வைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுச் சாமானில் செய்ததன் லாபமே அதுதான், ஒளிக்கத் தேவையில்லை. பையும் நாடாவும் துணியும் கிடக்கிற தையல் கூடைக்குள் அதுவும் கிடக்கும்.

அப்படிக் கிடந்ததில் ஒன்றைப் போன கிழமை காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். பின்னேரம் கொட்டிலுக்குப் போனால், கன்றுக்குட்டியின் கழுத்தில் கிடக்கிறது. துவாய் வைத்துத் தைத்த பட்டி, இரும்பு வளையத்தில் தும்புக் கயிறு, கச்சிதமாக. இவர் வேலிக்கு அங்காலே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

மாமி கன்றைத் தடவிக்கொண்டு சொல்கிறார்: “நல்லாத் தைச்சிருக்கிறாய் பிள்ளை. கழுத்து உரஞ்சவே இல்லை. மற்றக் கண்டுக்கும் ஒண்டு தைச்சுத் தாவன்.”