டிரான்ஸ்பார்மர் எண்ணெய்: ஃபில்டர் போடும் முன் நடந்தது

பிறை சார்ஜ்மேன்:
எண்ணெயில் கரைந்த வாயுக்களைக் காட்டும் டிஜிஏ ரிப்போர்ட்டில் அசெட்டிலின் ஏறியிருந்தால் பாதிப் பேர் உடனே எண்ணெயைச் சுத்தம் செய்யும் ஃபில்டர் மெஷினுக்குத்தான் போன் போடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

பினாங்கில், பிறையில் ஒரு தொழிற்சாலை. 33/11 கேவி டிரான்ஸ்பார்மர். மெயின் டேங்க் எண்ணெயில் அசெட்டிலின் எகிறிக் கிடந்தது. உள்ளே ஆர்க் (மின்பொறி) அடித்தால் வருகிற வாயு என்பதால் வைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) போச்சு என்றே மேலிடம் முடிவு கட்டிவிட்டது. ஷட்டவுன் எடுத்து ஃபில்டர் போடச் சொல்லி உத்தரவு.

எங்களோடு இருந்த மூத்த டெக்னீசியன் அண்ணன் மட்டும் மசியவில்லை. வேக்குவம் ஃபில்டர் ஈரத்தோடு வாயுவையும் சேர்த்து இழுத்துவிடும். அப்புறம் கோளாறு எங்கே என்று எதை வைத்துத் தேடுவது? "தம்பி, முதல்ல டேப் சேஞ்சர் லெவலப் பாரு" என்றார். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற சுவிட்ச்தான் டேப் சேஞ்சர், அதற்குத் தனி எண்ணெய். மேலே இருக்கும் எண்ணெய்த் தொட்டியான கன்சர்வேட்டரில் அந்தப் பக்கத்துக் கேஜ் முள் நன்றாக இறங்கியிருந்தது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. அப்படியானால் எண்ணெய் போயிருக்கக்கூடிய இடம் மெயின் டேங்க் ஒன்றுதான்.

ரிப்போர்ட்டை எடுத்து அசெட்டிலினை ஹைட்ரஜனால் வகுத்தோம். 3-க்கு மேல் வந்தது. இந்த விகிதம் 2, 3 என்று தாண்டினால் டேப் சேஞ்சர் எண்ணெய் கலந்திருக்கலாம் என்று ஐஇசி 60599 தரநிலை தெளிவாகவே சொல்கிறது. டேப் மாறும் ஒவ்வொரு தடவையும் அதற்குள் இருக்கும் டைவர்ட்டர் சுவிட்ச் ஆர்க் அடிக்கும், அந்த எண்ணெயில் அசெட்டிலின் இருப்பது சகஜம். வைண்டிங்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. டைவர்ட்டர் சிலிண்டரின் அடி சீல்தான் விட்டிருந்தது. அதை மாற்றிய பிறகே ஃபில்டர் போட்டோம். வைண்டிங்கைச் சுற்றிய காகிதத்தில் ஊறிய பழைய எண்ணெயிலிருந்து கொஞ்சம் வாயு திரும்பி வரத்தான் செய்யும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கொஞ்ச நாள் ஓடவிட்டு எடுக்கிற சாம்பிளைத்தான் புதுக் கணக்குக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

பாயான் லெப்பாஸ் மெயின்டனன்ஸ்:
அருமை அண்ணே. எங்கள் பக்கம் பிடிவி (பிரேக்டவுன் வோல்டேஜ்) டெஸ்ட் ஃபெயில் ஆகி, எண்ணெயையே மாற்றக் கொட்டேஷன் வரை போய்விட்டது. விசாரித்தால், குத்தகைக்காரரின் ஆள் மழைத் தூறலில் குடிதண்ணீர் பாட்டிலில் சாம்பிள் பிடித்திருக்கிறார். 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் எண்ணெய் எவ்வளவு வோல்டேஜ் தாங்குகிறது என்று பார்க்கிற டெஸ்ட் அது. துளி ஈரமும் தூசும் போதும், ரீடிங் சரிந்துவிடும். வெயில் நாளில் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் திரும்ப எடுத்தோம், ஆறு ரீடிங்கின் சராசரியும் நன்றாகவே வந்தது. நம்ம ஊர் காற்றில், ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் வேறு சீக்கிரம் நிறம் மாறிவிடுகிறது, அதையும் கவனிக்கணும். டிஜிஏ சாம்பிளை எப்படி எடுக்கிறீங்க?

பிறை சார்ஜ்மேன்:
வால்வு வாயைத் துடைத்து, தேங்கிய எண்ணெயைக் கொஞ்சம் ஓடவிட்டு, கண்ணாடி சிரிஞ்சில் எடுங்க தம்பி. ஒரு குமிழிகூட உள்ளே நிற்கக் கூடாது, ஹைட்ரஜன்தான் முதலில் அதற்குள் தப்பிவிடும். வெளிச்சம் படாமல் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்புங்க. எந்த டேங்க், எந்த வால்வு, எண்ணெய் சூடு எவ்வளவு என்று அங்கேயே லேபிளில் எழுதிடுங்க.