மோர்ஸ் கீயருக்குத் தமிழ்ச் சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

உவர்மலை, திருகோணமலை – திங்கள் இரவு

அன்புடையீர், வணக்கம்.

திருகோணமலையில் பாடசாலை மாணவர்களுக்கு அமெச்சூர் வானொலிப் பயிற்சி தொடங்குகிறோம். கைந்நூல் வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மின்சுற்று, அன்ரெனா, உரிமம் பற்றிய அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிக்குறிகளாக அனுப்பும் மோர்ஸ் முறை பற்றிய அத்தியாயம்தான் நகர மறுக்கிறது.

மாணவர் கையில் கொடுக்கப்போவது ஓர் இலத்திரனியல் பெட்டி. அதற்கு இரண்டு வேலை. முதலாவது பயிற்சி: எழுத்துகளை ஒலித்துக் காட்டும், கேட்பவர் எழுதிக்கொள்வார். தொடக்கத்தில் கே, எம் என்ற இரண்டே எழுத்துகள், அவையும் முழு வேகத்தில். பத்துக்கு ஒன்பது சரியாகப் பிடித்த பிறகே மூன்றாவது எழுத்து வரும். 1930களில் ஜேர்மன் உளவியலாளர் லுட்விக் கோக் வகுத்த முறையை ஒட்டியது இது. இந்தப் பகுதிக்குப் ‘பயிற்சிப்பெட்டி’ என்றே எழுதிவிட்டேன்.

சிக்கல் இரண்டாவது வேலையில், அதாவது மோர்ஸ் குறிகளை அடித்து அனுப்ப உதவும் கீயரில். பழைய மோர்ஸ் விசையில் எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதைக் கை தீர்மானிக்கும். கீயரில் இரண்டு நெம்புகள் பக்கவாட்டில் நிற்கின்றன. பெருவிரல் ஒன்றைத் தொட்டால் டிட் என்ற குறுகிய ஒலி. தொட்டபடியே இருந்தால் டிட்-டிட்-டிட். சுட்டுவிரல் மற்றதைத் தொட்டால் டா என்ற நீண்ட ஒலி. தொடங்கிய குறியை, விரலை எடுத்தாலும் முழுதாக முடித்துவிட்டே கீயர் நிறுத்தும். இரண்டு நெம்புகளையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டும் மாறி மாறி வரும். டா பக்கம் முந்தினால் டா-டிட்-டா-டிட், அதுவே சி எழுத்து. டிட் ஒரு பங்கு, டா மூன்று பங்கு, நடுவில் ஒரு பங்கு மௌனம். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு பங்கு என்பது 60 மில்லிசெக்கன். இந்தக் கணக்கைக் கீயர் காக்கிறது. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் மூன்று பங்கு, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஏழு பங்கு விடுவது பொதுவாகக் கையின் பொறுப்பாகவே இருக்கிறது.

இதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? பெட்டியின் முகப்பிலும் பொறிக்க வேண்டும். ஆகவே நீளம் கூடாது. இரட்டை நெம்புக்கும், அடிப்பவரின் காதுக்கு மட்டும் கேட்கும் ஒலிக்கும்கூடச் சொல் வேண்டும்.

கோயம்புத்தூர் – செவ்வாய் காலை

நண்பருக்கு வணக்கம். ‘கீயர்’ என்றே எழுதுங்கள். அந்த மாணவர் நாளை சிற்றலையில் ஜப்பானியரோடும் இத்தாலியரோடும் தொடர்பு கொள்ளப்போகிறார். அங்கே எல்லோருக்கும் அது கீயர்தான். தமிழில் கட்டாயம் வேண்டும் என்றால் ‘மின்னணுச் சாவி’ போதும். நெம்பை ஆங்கிலத்தில் ‘பேடில்’ (paddle) என்பார்கள், அதற்குத் ‘துடுப்பு’ நேரான சொல். அலைபேசி, கணினி போன்ற சொற்கள் நின்றதற்குக் காரணம் கோடிக்கணக்கானவர்களின் புழக்கம். சில நூறு பேர் மட்டும் தொடும் கருவிக்குச் சொல் படைத்தால் அது படைத்தவரோடு முடிந்துவிடும். நான் பார்த்த பல சொற்பட்டியல்கள் அப்படித்தான் தூங்குகின்றன.

மட்டக்களப்பு – செவ்வாய் மதியம்

கோவை அண்ணர் அறிய: ஈழத்துப் பிள்ளைக்குத் துடுப்பு என்றால் முதலில் கிரிக்கெட் மட்டை. துடுப்பாட்டம், துடுப்பாட்ட வீரர் என்று நாளிதழில் தினமும் படிக்கிறான். அடுத்ததாகத் தோணி. மூன்றாவது பொருளை அந்தச் சொல் தாங்காது. ‘சாவி’யைப் படித்தால் விளங்கும், ஆனால் வீட்டில் நாங்கள் சொல்வது திறப்பு. எங்கள் பாடநூலில் ‘மின்னணு’வும் இல்லை, இலத்திரனியல்.

திருமலை அண்ணரிடமும் ஒரு வேண்டுகோள். விசை என்று எழுத வேண்டாம். நான் பௌதிகவியல் கற்பிக்கிறேன். விசை என்றால் நியூட்டன் அலகில் அளப்பது. ‘விசையை அழுத்து’ என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் மின்னியக்க விசையை விளக்க முற்பட்டால் பிள்ளை எதைப் பிடிப்பான்? விசைப்பலகை பரவிவிட்டது, உண்மைதான். பரவிய ஒரு குழப்பத்துக்கு இன்னொரு குழப்பத்தைத் துணை சேர்க்க வேண்டாம்.

யாழ்ப்பாணம் – செவ்வாய் இரவு

அன்பர்களே, சாவி போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். வந்த சொல்லை விரட்டச் சொல்லவில்லை. அதை அடியாக வைத்துப் புதுச் சொல் கட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

திருமலைத் தம்பி எழுதிய பங்குக் கணக்கை மீண்டும் படியுங்கள். ஒரு பங்கு, மூன்று பங்கு. ஒலியைக் காலத்தால் அளந்து பெயரிட்ட மொழி நம்முடையது. ‘ஓரளபு இசைக்கும் குற்றெழுத்து’ என்கிறது தொல்காப்பிய நூன்மரபு. ஈரளபு இசைப்பது நெட்டெழுத்து. அடுத்த நூற்பா ‘மூவளபு இசைத்தல் ஓரெழுத்து இன்றே’. மூன்று வேண்டுமானால் நெடிலோடு குறிலைக் கூட்டி எழுப்ப வேண்டும், அதுவே அளபெடை. ஆகவே டிட் என்பது குறில். டா நெடில் ஆகாது, அது அளபெடை. டா-வை நெடில் என்று எழுதும் குறிப்பை எங்கேனும் கண்டால் திருத்துங்கள்.

நூற்பாவிலேயே நமக்கு வேண்டிய சொல்லும் இருக்கிறது. அளபு இசைத்தல். இசைத்தல் என்றால் ஒலித்தல். பொருத்துதல் என்றும் பொருள். கீயர் செய்வது இரண்டையும்தான். அளபு + இசை: குற்றியலுகரம் கெட்டு ‘அளபிசை’. கருவிப்பெயர் ‘அளபிசைப்பி’. இதைவிடப் பொருந்தும் சொல் இந்தக் கருவிக்கு இராது என்பது என் உறுதி.

மோர்ஸ் என்பதில் ஸகரத்தையும் விடுங்கள். வடவெழுத்து ஒருவி எழுதுவது மரபு. மோர்சு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒட்சிசனும் ஐதரசனும் அந்த வழியில்தான் நம் பாடநூல்களுக்குள் வந்தன.

மட்டக்களப்பு – புதன் காலை

ஐயா, அளபெடையை நானும் படித்துத்தான் சித்தியடைந்தேன். பத்தாம் தரப் பிள்ளை பெட்டியைக் கையில் எடுத்தவுடன் ‘அளபிசைப்பி’ என்று படித்து என்ன விளங்கிக்கொள்வான்? இசைக்கருவி என்பான். சொல்லின் அழகு படைத்தவருக்கு, சுமை படிப்பவருக்கு. ஒரு கலைச்சொல்லை விளக்க இன்னொரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தால், ‘கீயர்’ என்று எழுதிவிட்டு அந்த வகுப்பை மோர்சுக்கே செலவழிக்கலாம்.

ஒன்றில் மட்டும் ஐயாவோடு நிற்கிறேன்: டிட், டா இரண்டும் ஒலிகள். புள்ளி, கோடு என்ற சொற்களைக் கைந்நூலில் பின்னுக்குத் தள்ளுங்கள். கண்ணால் புள்ளிகளை எண்ணிப் பழகியவன் வேகம் கூடும்போது திணறுகிறான். நான்கு டிட்டையும் ஒரே வீச்சாகக் கேட்டால் எச் என்று உடனே தெரியும். எண்ணிக்கொண்டு இருந்தால் அதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும்.

கிண்ணியா – புதன் மாலை

அஸ்ஸலாமு அலைக்கும். நான் தபால் கந்தோரில் தந்தி அடித்தவன். உங்கள் விவாதத்தைப் பேரன் வாசித்துக் காட்டினான்.

நாங்கள் சொன்ன சொல் ‘அடித்தல்’. தந்தி அடித்தான், தந்தி அடித்தார்கள். ஊரும் அப்படித்தான் சொன்னது. இசைத்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த வினை இருக்கும்போது வேறொன்றை ஏன் தேட வேண்டும்? ஆனால் ‘தந்தியடிப்பான்’ என்று பெட்டிக்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். அது ஆளைக் குறிக்கும். அந்த ஆள் நான்.

பேரனின் பெட்டியில் கை வைத்துப் பார்த்தேன். முதலில் வெறுப்பாக இருந்தது. எங்கள் காலத்தில் அடிக்கும் கையைக் கேட்டே எதிர்முனையில் இருப்பவர் யார் என்று சொல்லிவிடுவோம். ஒருவர் டா-வை இழுப்பார், ஒருவர் கடைசி டிட்டை விழுங்குவார். பெட்டி எல்லோரையும் ஒரே அளவில் அடிக்க வைக்கிறது. ஆனாலும் இடைவெளி என்னுடையதாகவே இருந்தது. பேரன் எஸ் அடித்து, இடைவெளி விடாமல் இ அடித்தான்; எனக்குக் கேட்டது எச். மூன்று டிட்டும் ஒரு டிட்டும் ஒட்டினால் நான்கு டிட் ஆகிவிடும், அதற்குப் பெட்டி என்ன செய்யும்? அளப்பது பெட்டி, விடுவது நாம். பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள்.

திருகோணமலையில் இந்தச் சத்தம் புதிதல்ல. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே தளம் வைத்திருந்தது. அவர்களுடைய தகவல்கள் மோர்சில்தான் பறந்தன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியபோதும் இந்த ஊரின் மேலே டிட்டும் டா-வும்தான் ஓடியிருக்கும்.

யாழ்ப்பாணம் – புதன் இரவு

பெரியவருக்கு என் வணக்கம். ‘அடித்தல்’ பற்றி அவர் சொன்னதை மதிக்கிறேன், ஏற்கவில்லை. தாளம் அடிக்கிறோம், ஆணியும் அடிக்கிறோம். அளவு என்ற கூறு அந்த வினையில் இல்லை.

இதனிடையே ஒரு கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு குறியால் ஆகும் எழுத்துகள் இரண்டு, இரண்டு குறியால் நான்கு, மூன்றால் எட்டு, நான்கால் பதினாறு. கூட்டிப் பாருங்கள்: 30. தொல்காப்பியத்தின் முதல் நூற்பா என்ன சொல்கிறது? அகரம் முதல் னகர இறுதி வரை முப்பது. உயிர் 12, மெய் 18. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நான்கு இடங்கள் மிஞ்சிவிடுகின்றன. தமிழின் முதலெழுத்துகள் நான்கு குறிகளுக்குள் ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல் அடங்குகின்றன! உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்து அடிக்கலாம். சார்பெழுத்துகளில் ஆய்தத்துக்கு மட்டும் ஐந்து குறி கொடுக்கலாம். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த குறி என்பதே மோர்சின் நெறி. அந்த வகையில் ஒற்றை டிட் அகரத்துக்கா, உகரத்துக்கா என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சங்கப் பாடல்களில் இருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.

கோயம்புத்தூர் – வியாழன் காலை

ஐயாவின் முப்பது மிக அழகு. தனி இழையாகத் தொடங்குங்கள், நானும் வருகிறேன். எண்ணுவது சங்கப் பாடல்களில் வேண்டாம். இன்றைய செய்தித்தாளில் எண்ணுங்கள். அடிக்கப்போவது இன்றைய தமிழை.

கீயரைப் பற்றி என் கருத்து மாறவில்லை. அச்சகத்துக்கு நாளை போக வேண்டும் என்பதை நினைவூட்டுகிறேன்.

உவர்மலை, திருகோணமலை – வியாழன் இரவு

அன்புடையீர்,

இன்று மாலை மாணவர் சிலரிடம் பெட்டியைக் கொடுத்து, பெயர் எதுவும் சொல்லாமல், அது என்ன செய்கிறது என்று கேட்டேன். வேகத்தை 12 சொல்லில் வைத்திருந்தேன். ஒரு பங்குக்கு 100 மில்லிசெக்கன். நம் நாட்டு அழைப்புக்குறியின் தொடக்கமான 4எஸ்7 அடிக்கச் சொன்னேன். டிட்-டிட்-டிட்-டிட்-டா. டிட்-டிட்-டிட். டா-டா-டிட்-டிட்-டிட். ஒரு மாணவி எஸ் எழுத்தில் பெருவிரலை எடுக்கத் தாமதித்தாள். நான்காவது டிட்டும் வந்துவிட்டது. திரும்பவும் அடித்தாள், திரும்பவும் எச். பிறகு மூன்றாவது டிட் ஒலிக்கத் தொடங்கியவுடனேயே விரலை எடுத்துவிட்டாள். மீதியைப் பெட்டி முடித்துக்கொடுத்தது. அவள் சொன்ன பதில்: ‘அது அளந்து அடிக்கிறது, நான் எப்போது நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.’

எனக்கு வேண்டியிருந்தது இதுதான். கீயர் யாருக்குப் பதிலாக எதைச் செய்கிறது என்பதைப் பெயரே சொல்ல வேண்டும். கீயர் என்ற ஒலி அதைச் சொல்லாது. சாவியும் விசையும் சொல்லாது. குறியாக்கி என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். குறியைத் தேர்வது மாணவரின் மூளை, பெட்டி அல்ல. அளபிசைப்பி சரியாகச் சொல்கிறது, ஆனால் அளபு தெரிந்தவருக்கு மட்டும். யாழ்ப்பாணத்து ஐயாவின் அளவும் கிண்ணியாப் பெரியவரின் அடியும் சேர்ந்தால் ‘அளந்தடிப்பி’. முகப்பில் இதைப் பொறிக்கிறேன். கைந்நூலில் முதல் இடத்தில் ‘அளந்தடிப்பி எனப்படும் கீயர்’ என்றும், பிறகு அளந்தடிப்பி என்றும் வரும். நெம்புக்கு ‘இணைநெம்பு’. டிட், டா அப்படியே இருக்கும். மோர்ஸ் என்றே எழுதுகிறேன். நாளிதழ் எழுதும் வடிவம் அது.

மட்டக்களப்பு ஆசிரியையும் கிண்ணியாப் பெரியவரும் தொலைபேசியில் சரி என்றார்கள். கோவை நண்பர் ‘தடுக்கமாட்டேன்’ என்று எழுதியிருக்கிறார். அடிப்பவரின் காதுக்குக் கேட்கும் ஒலிக்கு ‘உடனொலி’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் நாளை நண்பகலுக்கு முன் அனுப்புங்கள்.

யாழ்ப்பாணம் – வெள்ளி அதிகாலை

தம்பி, என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

‘அளந்து’ இறந்தகால வினையெச்சம். அளந்துவிட்டுப் பிறகு அடிப்பது என்றே பொருள்படும். உங்கள் பெட்டி அப்படிச் செய்யவில்லை. ஒலிக்கும் பொழுதிலேயே அளக்கிறது. அளத்தலும் ஒலித்தலும் ஒரே வினையாக நிகழ்வதைச் சொல்லத்தான் அளபிசை என்றேன். வந்து போனான் என்பதில் வருதல் முந்தியது, போதல் பிந்தியது. அதே அமைப்பைக் கருவிப்பெயரில் வைத்தால் பிழையான இயக்கத்தை மாணவர் மனத்தில் பதிப்பீர்கள். ‘சிரித்துப் பேசினான்’ போன்ற உடன்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி ஆசிரியை வாதிடுவார் என்று எனக்குத் தெரியும். அங்கே முதல் வினை இரண்டாவதன் விதத்தைக் குறிக்கிறது. இங்கே அளத்தல்தான் முதன்மையான வினை.

பெரும்பான்மை முடிவுக்குக் குறுக்கே நிற்கவில்லை. கைந்நூலின் சொற்பட்டியலில் அளந்தடிப்பிக்கு எதிரே அளபிசைப்பியையும் அச்சிடுங்கள். உடனொலி எனக்கு முழு உடன்பாடு. அகர உகரக் கணக்கு இன்னும் முடியவில்லை. செய்தித்தாளில் எண்ணச் சொன்ன கோவை அன்பர் எந்த நாளிதழ் என்றும் சொல்ல வேண்டும்.