மொட்டை மாடிக் கதவைப் பூட்டி வைக்கலாமா?

கேள்வி:
சென்னையில் பதினெட்டு வீடுகள் கொண்ட ஐந்து மாடி அடுக்ககம் எங்களுடையது. சங்கச் செயலாளர் பொறுப்பு இந்த ஆண்டு என் தலையில் விழுந்திருக்கிறது. தண்ணீர்க் குழாய் திருடு போனதிலிருந்து மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி மூன்றாம் மாடி மாமாவிடம். அவர் பேத்தியைப் பார்க்கப் பெங்களூரு போனால் சாவியும் கூடவே போய்விடும். போன வாரம் மின்மீட்டர் பலகையிலிருந்து புகை வந்தது. நான்கு தீயணைப்பு உருளைகள் வாங்கினால் போதுமா?

பதில் 1:
தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மீட்டர் பலகை எங்கே இருக்கிறது, மாடிப்படிக்கு அடியிலா? பக்கத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றனவா? அப்படியானால் முதலில் வண்டிகளை நகர்த்துங்கள். அங்கே தீப்பிடித்தால் மாடிப்படியே புகைபோக்கி ஆகிவிடும். நெருப்பு எட்டுவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். படியில் புகை மண்டியிருந்தால் இறங்காதீர்கள், மாடிக்கும் ஏறாதீர்கள். வாசற்கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, பால்கனியில் நின்று குரல் கொடுங்கள். 101 அல்லது 112.
பூட்டும் வேண்டாம். பயத்தில் நாலு பேர் மேலே ஓடத்தான் செய்வார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். அந்தப் பள்ளியின் குறுகலான படிக்கட்டை இன்னமும் என்னால் மறக்க முடியவில்லை.
உருளை வாங்குங்கள், உலர்தூள் வகையாக. ஆனால் அது சில விநாடிகளில் தீர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
படிக்கு அடியில்தான் ஐயா. ஏழு வண்டிகள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் செருப்பு அலமாரியும் ஓடாத வாஷிங் மெஷினும் வேறு.

பதில் 2:
2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தளம் மூழ்கியபோது மொட்டை மாடியில்தான் சமைத்தோம். பூட்டு இருந்திருந்தால் என்ன செய்திருப்போமோ! இப்போது உட்புறத் தாழ்ப்பாள் மட்டும்தான். திருடன் வெளியிலிருந்து வர முடியாது, நாங்கள் சாவி தேட வேண்டியதில்லை. இன்னொன்று: படி இறங்க முடியாதவர்கள் யார் யார் என்று எழுதி வையுங்கள். என் மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்க இருவர் வேண்டும். யார் அந்த இருவர் என்று பெயர் போட்டே வைத்திருக்கிறோம். ஒருவர் வேலைக்குப் போய்விட்டால் யார் என்பதையும்.

கேள்வி கேட்டவர்:
நேற்று தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. மாமா கோபத்தில் சாவியை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஐந்து வண்டிகள் நகர்ந்துவிட்டன. வாஷிங் மெஷின் மட்டும் அசையவில்லை. உரிமையாளர் துபாயில் இருக்கிறார்.

பதில் 1:
அவருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு வாரம் பாருங்கள். பிறகு பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.