ராஜ்பன்சி கல்யாணத்துக்குப் போகிறேன், யாராவது விவரம் சொல்லுங்களேன்

வணக்கம். உடன் வேலை பார்க்கும் நண்பர் மேற்கு வங்காளத்தின் கூச் பெஹார்க்காரர், ராஜ்பன்சி சமூகம். மாசியில் தங்கை கல்யாணம், குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். அங்கே முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பணம் கொடுப்பார்களாம். 1910க்குப் பிறகு ராஜ்பன்சித் தலைவர் பஞ்சானன் பர்மா, தங்களைச் சத்திரியர்களாக ஏற்கக் கோரி நடத்திய சத்திரிய இயக்கத்தால் பூணூல், பிராமணச் சடங்கு எல்லாம் பரவின. இப்போது வரதட்சணையும் வந்துவிட்டதாம், நம்மூர் மாதிரியே!

சரி, கேள்விக்கு வருகிறேன். பெண்கள் மார்புக்கு மேல் இறுக்கிக் கட்டும் பாடானி என்ற கைத்தறித் துணி, புடவை வந்தபின் அருகிவிட்டது. மணப்பெண்ணுக்கு அதையே பரிசாகக் கொடுத்தால் மகிழ்வார்களா, பழசு என்று முகம் சுளிப்பார்களா? எங்கே வாங்கலாம்? அப்புறம், தோதாரா என்ற நரம்பு வாத்திய இசையோடு பாவையா என்ற அந்தப் பகுதி நாட்டுப்புறப் பாட்டைப் பாடினால் பதிவு செய்யலாமா? அந்தப் பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்கள்.